பழுப்பு இலையைப் பிய்க்காதீர்கள்: முடவாட்டுக்கால் பெரணி பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி (வாசகி, சேந்தமங்கலம், நாமக்கல் மாவட்டம்): எங்கள் தோட்டத்துப் பழைய மாமரத்தில், கிளை பிரியும் இடத்தில் ஒரு செடி படர்ந்திருக்கிறது. அடியில் காய்ந்த பழுப்பு இலைகள், மேலே நீள நீளமாகப் பச்சை இலைகள். பக்கத்து வீட்டுப் பெரியவர் "இது புல்லுருவி, வெட்டி எறி, இல்லாவிட்டால் மரம் பட்டுப்போகும்" என்கிறார். என் அத்தையோ "இது முடவாட்டுக்கால், கை வைக்காதே" என்கிறார். நான்கு படங்கள் அனுப்பியிருக்கிறேன். யார் சொல்வது சரி?

பதில்: அத்தை சொன்னதுதான் சரி. உங்கள் படங்களில் மூன்றாவது படம், இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை எடுத்தீர்களே, அது ஒன்றே போதும், சந்தேகத்துக்கு இடமே இல்லை. இது முடவாட்டுக்கால். முடவன் ஆட்டுக்கால், ஆட்டுக்கால் கிழங்கு என்றும் சொல்வார்கள். அறிவியல் பெயர் டிரைனேரியா குவெர்சிஃபோலியா. உங்களுக்குப் பக்கத்தில் கொல்லிமலை மேலே சூப் வைத்து விற்கிறார்களே, அதே செடி. பூக்காது, காய்க்காது, விதையும் கிடையாது, ஏனென்றால் இது பெரணி, ஆங்கிலத்தில் ஃபெர்ன் என்பார்கள்.

எப்படிச் சொல்கிறேன் என்பதையும் விளக்கிவிடுகிறேன், அடுத்த முறை நீங்களே கண்டுபிடிக்கலாம். இந்தச் செடியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி இரண்டு வகை இலைகள் இருக்கும். ஒரு வகை அடியில் இருப்பது. காம்பு கிடையாது, அகலமானது, விளிம்பு ஆழமில்லாமல் மடல் மடலாக வெட்டியிருக்கும், முளைக்கும்போது பச்சையாக இருந்து சீக்கிரமே பழுப்பாகி மொரமொரவென்று காகிதம் மாதிரி ஆகிவிடும், ஆனால் விழாது, நரம்புகள் புடைத்துக்கொண்டு அப்படியே நிற்கும். இதைக் கூடு இலை என்று சொல்லலாம். இன்னொரு வகை நீண்ட காம்போடு மேலெழும் பச்சை இலை. அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை போகும், இரண்டு பக்கமும் நடு நரம்பைத் தொட்டும் தொடாமலும் ஆழமாகப் பிளந்திருக்கும். பெரிய இலைகளின் அடிப்பக்கத்தில் சிறுசிறு வட்டப் புள்ளிகள் இருக்கும். அந்தப் புள்ளிகள் பூச்சி முட்டையோ நோயோ இல்லை, ஸ்போர் உருவாகும் இடம். விதைக்குப் பதிலாகப் பெரணி பரவுவது தூள் போன்ற இந்த ஸ்போரால்தான். பக்க நரம்புகள் இரண்டுக்கு நடுவில் இந்தப் புள்ளிகள் இரண்டு வரிசையாக ஒழுங்காக நிற்கின்றன, உங்கள் மூன்றாவது படத்தில் அது தெளிவாகத் தெரிகிறது. இதெல்லாம் சேர்ந்து, அடியில் பழுப்புச் செதில் போர்த்திய தடித்த தண்டும் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம்.

சரி, மரம் பட்டுப்போகுமா? போகாது. புல்லுருவி வேறு, இது வேறு. புல்லுருவி மரத்தின் கட்டைக்குள்ளேயே உறிஞ்சுறுப்பை இறக்கி, மரம் ஏற்றிக் கொண்டுவரும் நீரையும் உப்பையும் திருடும். அதில் பூ பூக்கும், பிசுபிசுப்பான பழம் பழுக்கும், அதைத் தின்னும் சிறு குருவிகள் கிளை கிளையாகப் பரப்பும். முடவாட்டுக்கால் மரப்பட்டையைப் பிடித்துக்கொள்வதோடு சரி, உள்ளே ஒரு வேரும் இறங்காது. தாவரவியலில் இப்படிப்பட்டவற்றைத் தொற்றுத்தாவரம் என்கிறோம். பாறையிலும் இதே செடி இதே மாதிரி வளர்கிறது, பாறையில் உறிஞ்ச என்ன இருக்கிறது என்று அந்தப் பெரியவரிடம் கேட்டுப் பாருங்கள்.

அப்படியென்றால் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறது? அதற்குத்தான் அந்தக் கூடு இலைகள். மரத்தின் மேல் மண் கிடையாது. மேலேயிருந்து விழும் சருகு, பட்டைத் தூள், பறவை எச்சம், பூச்சிக் கழிவு எல்லாம் இந்தப் பழுப்பு இலைகளுக்கும் மரத்துக்கும் இடையில் போய்த் தங்கும், மழையில் நனைந்து மட்கும், தண்டிலிருந்து கிளம்பும் வேர்கள் அந்த மட்குக்குள் போய்விடும். தனக்கு வேண்டிய எருவைத் தானே சேர்த்துக்கொள்ளும் செடி இது. எனக்கு இதைப் பார்த்து வியந்து மாளவில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. கிளை ஏற்கெனவே உளுத்துப்போயிருந்து, அதன் மேல் பெரிய கொத்தாக வளர்ந்திருந்தால், மழைக்காலத்தில் நனைந்த மட்கின் எடையில் கிளை முறியலாம். அது கிளையின் பிரச்சினை. உங்கள் மரம் படத்தில் திடமாகத்தான் இருக்கிறது, விட்டுவிடுங்கள்.

கேள்வி (வாசகர், ஏற்காடு): மலையில் நடக்கும்போது மரத்தில், பாறையில் விதவிதமான பெரணிகளைப் பார்க்கிறேன். படம் எடுத்து அனுப்பினால் "இன்னும் தெளிவான படம் வேண்டும்" என்றே பதில் வருகிறது. எதை எடுக்க வேண்டும்?

பதில்: பெரும்பாலானவர்கள் எடுப்பது மேலிருந்து, அழகாக, பச்சை இலை மட்டும் தெரிகிற படம். பெரணியை அடையாளம் காண அது கடைசியாகத்தான் உதவும். முதலில் இலையைத் திருப்புங்கள். பிய்க்க வேண்டாம், மெதுவாகத் திருப்பிப் பிடித்து அடிப்பக்கத்தை எடுங்கள். புள்ளி வட்டமா, நீளக் கோடா, விளிம்பை ஒட்டி ஓடுகிறதா, வரிசையாக இருக்கிறதா இறைந்து கிடக்கிறதா, மேலே மெல்லிய மூடி இருக்கிறதா திறந்தே இருக்கிறதா என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. முடவாட்டுக்காலில் மூடி கிடையாது. எல்லா இலையிலும் புள்ளி இருக்காது, முதிர்ந்த இலையாகப் பார்த்துத் திருப்பிப் பாருங்கள்.

அடுத்தது தண்டு. பச்சை இலை எங்கிருந்து கிளம்புகிறதோ அந்த இடத்தை நெருங்கி எடுங்கள். தண்டு ஊர்கிறதா, ஒரே இடத்தில் கொத்தாக நிற்கிறதா? மேலே இருப்பது தட்டையான செதிலா, மெல்லிய முடியா? வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் சிறு லென்ஸ் ஒன்று பையில் இருந்தால் நொடியில் தெரிந்துவிடும். பெரணி பார்க்கிற ஆசை இருக்கிற யாருக்கும் நான் முதலில் வாங்கச் சொல்வது அந்த லென்ஸைத்தான்.

அப்புறம், தள்ளி நின்று முழுச்செடியும் மரமும் தெரிகிற ஒரு படம், பக்கத்தில் ஒரு அளவுகோலோ பேனாவோ வைத்து ஒரு படம். எந்த மரம், தரையிலிருந்து எவ்வளவு உயரம், நிழலா வெயிலா, எந்த ஊர், எந்த மாதம் என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். இவ்வளவு இருந்தால் பல சமயம் செடியைத் தொடாமலேயே பெயர் சொல்லிவிடலாம்.

உங்கள் மலையில் முடவாட்டுக்காலோடு குழப்பிக்கொள்ளக்கூடியவை அதிகம் இல்லை. பறவைக்கூட்டுப் பெரணி, அதாவது அஸ்ப்ளீனியம், அதுவும் சருகு சேர்க்கும், ஆனால் அதன் இலை வெட்டே இல்லாமல் ஒரே வாளாக நீண்டு சுற்றி வட்டமாக நிற்கும், அடியில் புள்ளிக்குப் பதில் சாய்ந்த கோடுகள் இருக்கும். பைரோசியா வகைகள் சிறியவை, தடித்த இலை, அடிப்பக்கத்தில் நட்சத்திர வடிவ முடிகள். அவற்றில் ஒன்றான பைரோசியா ஹெட்டிரோஃபில்லா தென்னை மரத்திலும் மாமரத்திலும் நாணயம் அளவு வட்ட இலைகளாக ஒட்டி ஊர்ந்து போகும், அதைப் பெரணி என்று சொன்னாலே பலர் நம்ப மாட்டார்கள். இவற்றில் எதிலும் காய்ந்த கூடு இலை கிடையாது.

கேள்வி (முதுகலை மாணவி, திருச்சி): இந்தச் செடிக்குச் சில நூல்களில் டிரைனேரியா என்றும், சில இடங்களில் அக்லாமார்ஃபா என்றும் பெயர் போட்டிருக்கிறார்கள். எது சரி? களக்குறிப்பில் இதை எப்படி விவரித்து எழுத வேண்டும்?

பதில்: இரண்டும் ஒரே செடிதான். லின்னேயஸ் 1753இல் இதற்கு வைத்த பெயர் பாலிபோடியம் குவெர்சிஃபோலியம். இலை ஓக் மர இலையை நினைவுபடுத்தியதால் அந்தப் பெயர். அந்தக் காலத்தில் வட்டப் புள்ளி இருக்கிற பெரணியை எல்லாம் பாலிபோடியம் என்ற ஒரே மூட்டையில் கட்டினார்கள். லண்டனில் உள்ள கியூ தாவரவியல் தோட்டத்தில் பெரணிகளைப் பார்த்துக்கொண்ட ஜான் ஸ்மித் 1841இல் இதை டிரைனேரியாவுக்கு மாற்றினார். அண்மைக் காலத்தில் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் டிரைனேரியாவும் அக்லாமார்ஃபாவும் தனித்தனியாகப் பிரியவில்லை என்று கண்டார்கள். இரண்டையும் இணைத்தால் மூத்த பெயரான அக்லாமார்ஃபாதான் நிற்கும், அதனால் சிலர் அப்படி எழுதுகிறார்கள். எல்லோரும் இன்னும் ஏற்கவில்லை. நீங்கள் ஒன்றைப் பயன்படுத்தி இன்னொன்றை இணைப்பெயராகக் குறிப்பிட்டுவிட்டால் போதும். குடும்பம் பாலிபோடியேசி, அதில் சர்ச்சை இல்லை.

விவரிப்பதில்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். புத்தகத்தில் உள்ள விவரணையைத் திருப்பி எழுதிவிடுகிறார்கள், கண்முன் உள்ள செடி அதில் இல்லை. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"தொற்றுப் பெரணி, புளியமரத்தின் முதல் கிளைப் பிரிவில், தரையிலிருந்து ஏறத்தாழ 3 மீட்டர் உயரத்தில், காலை வெயில் படும் கிழக்குப் பக்கம். தண்டு ஊர்வது, சதைப்பற்றுள்ளது, 2 செ.மீ. தடிமன், பட்டையோடு ஒட்டியது, நுனி வரை பழுப்புச் செதில்கள் நெருக்கமாக. செதிலின் விளிம்பு பல் போன்றது. இலைகள் இருவகை. கூடு இலை காம்பற்றது, 18 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம், அடி இதய வடிவம், மடல்கள் பாதி ஆழத்துக்கும் குறைவு, இளையது ஒன்று பச்சை, மற்றவை பழுப்பு. வளர் இலை (நீண்ட பச்சை இலை) 70 செ.மீ., காம்பின் இருபுறமும் குறுகிய சிறகு, மடல்கள் ஏறத்தாழ நடு நரம்பு வரை, வலைப்பின்னல் நரம்புகள் இருபுறமும் தெளிவு. ஸ்போர்ப் புள்ளிகள் வட்டம், மூடியற்றவை, பக்க நரம்புகளுக்கிடையே இரு வரிசை. கூடு இலைக்குள் சருகு, எறும்புகள்."

எண்கள் எல்லாம் மாதிரிக்காகப் போட்டவை, நீங்கள் அளந்து உங்கள் எண்ணைப் போடுங்கள். கடைசியில் எறும்பை எழுதியது சும்மா இல்லை. இந்தப் பெரணியின் இலையில் தேன் சுரக்கும் சிறு சுரப்பிகள் உண்டு. பூவே இல்லாத செடியில் தேனா என்று கேட்பீர்கள், உண்டு. எறும்பு வருவது அதற்காகவும்தான். இந்த மாதிரி விஷயங்கள் உலர்த்திய மாதிரியில் தெரியாது, களத்தில் நின்று பார்த்தவர் எழுதினால்தான் உண்டு.

திருச்சியில் இருக்கிறீர்கள், பக்கத்திலேயே தூய வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம், அதாவது உலர்த்திய தாவர மாதிரிகளைத் தாளில் ஒட்டிச் சேர்த்துவைக்கும் இடம், இருக்கிறது. கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. அங்கே உள்ள தாள்களோடு உங்கள் மாதிரியை ஒப்பிட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள். நூல் வேண்டுமென்றால் சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய பெட்டோம் 1860களில் வெளியிட்ட தென்னிந்தியப் பெரணி நூலின் படங்களை இன்றும் வைத்துப் பார்க்கலாம். அதற்குப் பின் பாளையங்கோட்டையிலிருந்து மாணிக்கமும் இருதயராஜும் 1992இல் வெளியிட்ட மேற்குத் தொடர்ச்சி மலைப் பெரணித் தொகுப்பு உங்களுக்குக் கட்டாயம் தேவைப்படும்.

மாதிரி எடுக்கும்போது ஒரு வளர் இலை, விழுந்து கிடக்கும் ஒரு கூடு இலை, தண்டின் மேலிருந்து சில செதில்கள், இவ்வளவு போதும். முழுத் தண்டையும் பெயர்க்க வேண்டாம். காப்புக்காடாக இருந்தால் இலை ஒன்றுக்கும் வனத்துறை அனுமதி வேண்டும்.

கேள்வி (வாசகர், ஈப்போ, மலேசியா): எங்கள் ஊரில் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களில் பெரணிகள் மண்டிக் கிடக்கின்றன. நீங்கள் சொல்லும் முடவாட்டுக்கால் இங்கேயும் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா முழுக்கப் பரவி, நியூ கினி தாண்டி ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு வரை போகிறது. ஆனால் உங்கள் ஊரில் அடையாளம் காண்பது எங்களைவிடக் கஷ்டம், ஏனென்றால் அங்கே இதன் உறவுக்காரச் செடி டிரைனேரியா ஸ்பார்சிசோரா என்று ஒன்று உண்டு, பார்க்க அச்சு அசலாக இதே. அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். புள்ளிகள் இரண்டு வரிசையாக ஒழுங்காக இருந்தால் முடவாட்டுக்கால், ஒழுங்கில்லாமல் பொடிப்பொடியாக இறைந்து கிடந்தால் ஸ்பார்சிசோரா.

அதே தூங்குமூஞ்சி மரத்தில் பெரிய பச்சைக் கிரீடமாக ஒட்டிக்கொண்டு, அதிலிருந்து கிளைகிளையாகப் பிரிந்த நீளத் தொங்கல்கள் இறங்குமே, அது மான்கொம்புப் பெரணி, பிளாட்டிசீரியம் கொரோனேரியம். அதில் ஸ்போர் எல்லா இலையிலும் வராது, தனியாக ஒரு மடலில் மட்டும் வரும். வெட்டில்லாத இலைகள் வட்டமாக நிற்பது பறவைக்கூட்டுப் பெரணி. அதைப் பற்றி உங்கள் நாட்டிலேயே, சபாவின் டானம் பள்ளத்தாக்கில் செய்த ஆய்வு ஒன்று 2004இல் வெளிவந்தது. பெரிய செடி ஒன்று நனைந்த நிலையில் 200 கிலோ வரை இருந்தது. அதற்குள் வாழும் பூச்சிகளையும் சிற்றுயிர்களையும் கணக்கெடுத்தால், அந்தக் காட்டின் உச்சியில் மொத்தம் எவ்வளவு சிற்றுயிர் இருக்கும் என்று முன்பு போட்ட மதிப்பு இரண்டு மடங்கானது. ஒரு பெரணியை மரத்திலிருந்து தள்ளிவிடும்போது எதையெல்லாம் சேர்த்துத் தள்ளுகிறோம் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

கேள்வி (வாசகி, கோயம்புத்தூர்): நர்சரியில் வாங்கி மாடியில் தொட்டியில் வைத்திருந்தேன். காய்ந்த இலைகளை எல்லாம் வெட்டிச் சுத்தம் செய்து வந்தேன். ஏப்ரலில் பச்சை இலைகளும் துண்டு துண்டாக உதிர்ந்து குச்சிகள்தான் நிற்கின்றன. செத்துவிட்டதா?

பதில்: பெரும்பாலும் சாகவில்லை. தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிரோடு இருக்கிறது, கொழகொழவென்று இருந்தால் அழுகிவிட்டது. கோடையில் பச்சை மடல்களை ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டு நடு நரம்பை மட்டும் நிறுத்திவைப்பது இந்தச் செடியின் சுபாவம். நீர் முழுக்கச் சதைப்பற்றுள்ள தண்டில் இருக்கும், மழை வந்ததும் புது இலை விடும்.

ஆனால் காய்ந்த இலையை வெட்டுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அது குப்பை இல்லை என்று மேலே சேந்தமங்கலம் வாசகிக்குச் சொன்னேன். செடியைப் பொறுத்தவரை அந்த இலை பழுப்பானதும்தான் அதன் வேலையே தொடங்குகிறது. நர்சரிகளிலும் அழகுக்காக இதைப் பிய்த்துவிட்டு விற்பதைப் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது. பழுப்பு இலை இல்லாத முடவாட்டுக்காலுக்கு எருவும் நிற்காது, ஈரமும் நிற்காது, தண்டு வெயிலில் நேரே காயும்.

இன்னொன்று, தண்டை மண்ணுக்குள் புதைத்திருந்தால் உடனே வெளியே எடுங்கள். இஞ்சி மாதிரி புதைத்து வைப்பதால்தான் வீட்டில் பாதிச் செடிகள் அழுகுகின்றன. மரக்கட்டையிலோ தென்னை மட்டையிலோ தண்டு மேலே தெரிகிற மாதிரி வைத்து, பருத்திக் கயிற்றால் கட்டி, இடைவெளியில் கொஞ்சம் தேங்காய் நார், சருகு வையுங்கள். காலை வெயில் போதும். கட்டை காய்ந்ததும் நனையுங்கள்.

கேள்வி (வாசகர், சென்னை): இணையத்தில் முடவாட்டுக்கால் என்று உலர்ந்த துண்டுகள் விற்கிறார்கள். உண்மையானதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: முழுத் தண்டாக வாங்க முடிந்தால் முழுதாகவே வாங்குங்கள். ஆட்டுக்கால் மாதிரி ரோமம் போர்த்தியதாகத் தெரிவது உண்மையில் செதில், லென்ஸில் பார்த்தால் தட்டையாக, அடி அகன்று நுனி கூராக இருக்கும். பொன்னிற மென்மயிர் போர்த்திய இன்னொரு பெரணித் தண்டு உண்டு, சிபோடியம் பரோமெட்ஸ், தரையில் வளர்வது, அதில் இருப்பது உண்மையிலேயே முடி. வட்டமாக அறுத்த துண்டாக இருந்தால் வெட்டுமுகத்தைப் பாருங்கள். முடவாட்டுக்காலில் நீர் கடத்தும் குழாய்கள் தனித்தனிப் புள்ளிகளாக ஒரு வளையத்தில் நிற்கும். சிபோடியத்தில் விளிம்பை ஒட்டிப் புள்ளிகள் இல்லாமல் தொடர்ந்த ஒரே வளையமாக ஓடும்.

பொடியாக அரைத்து விற்பதை வாங்காதீர்கள். பொடியில் இதில் எதையும் பார்க்க முடியாது. பெரணி என்றாலே தின்னலாம் என்ற எண்ணமும் வேண்டாம், நீலகிரிப் புல்வெளிகளில் வளரும் டெரிடியம் வகைப் பெரணியில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் இருக்கிறது.

கேள்வி (வாசகர், சேலம்): எனக்கு 58 வயது, மூட்டு வலி. தினமும் முடவாட்டுக்கால் சூப் குடித்தால் மருந்து தேவையில்லை என்கிறார்கள். குடிக்கலாமா?

பதில்: நான் செடி பார்ப்பவன், மருத்துவர் இல்லை, தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். மலையில் உள்ளவர்கள் தலைமுறைகளாக இதைச் சமைத்துக் குடிக்கிறார்கள். செதிலைச் சுரண்டி, தோல் சீவி, துண்டு போட்டு, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தட்டிப்போட்டுக் கொதிக்கவிட்டால் நல்ல சூப், மலைக் குளிருக்கு அதைவிட இதமானது எனக்குத் தெரியாது. சீன மருத்துவத்திலும் இதன் நெருங்கிய உறவான டிரைனேரியா ரூசியை எலும்பு முறிவுக்குக் கொடுப்பது பழைய வழக்கம். ஆய்வகத்தில் எலிகளில் வலியையும் வீக்கத்தையும் குறைத்ததாக முடவாட்டுக்காலைப் பற்றியும் கட்டுரைகள் வந்திருக்கின்றன.

ஆனால் எலியில் பார்த்த சாற்றையும் கடையில் குடிக்கும் சூப்பையும் ஒன்றாக வைக்க முடியாது. இத்தனை நாள் இவ்வளவு குடித்தால் மூட்டு சரியாகும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். உணவாக எப்போதாவது குடியுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், அதை மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

கேள்வி (வாசகர், கொல்லிமலை): என் சின்ன வயதில் பாறைக்குப் பாறை இருக்கும். இப்போது சூப்புக் கடைகளும் வெளியூர் வியாபாரமும் பெருகியபின் கைக்கெட்டும் உயரத்தில் கிடைப்பதில்லை. இதைப் பயிர் செய்ய முடியுமா?

பதில்: உங்கள் கேள்விக்காகவே இந்தப் பக்கம் முழுவதையும் ஒரே செடிக்கு ஒதுக்கினேன். கிழங்கு என்று சொல்லிப் பழகிவிட்டதால், மரவள்ளி மாதிரி தோண்டினால் மறுபடி வரும் என்று வாங்குகிறவர்கள் நினைக்கிறார்கள். இது கிழங்கு இல்லை, தண்டு. செடியின் உடம்பே அதுதான். இலை முளைப்பதும் வேர் கிளம்புவதும் நீர் சேர்வதும் எல்லாம் அதில்தான். பாறையிலிருந்து முழுதாக உரித்து எடுத்தால் அந்த இடத்தில் எதுவும் மிச்சமில்லை. ஸ்போரிலிருந்து புதிதாக வர வேண்டும் என்றால், அது ஈரமான பாசியில் விழுந்து, முதலில் நகக்கண் அளவு பச்சைத் தகடாக வளர்ந்து, அதில் கரு உண்டாகி, அப்புறம்தான் சின்னப் பெரணி. மழை ஒரு பருவம் ஏமாற்றினால் அதுவும் காய்ந்துவிடும்.

பயிர் செய்யலாம். எடுக்கும் தண்டில் வளரும் நுனி உள்ள துண்டை, ஒரு சாண் நீளம் இருந்தால் நல்லது, ஒன்றிரண்டு இலையோடு விட்டுவைத்து விற்காமல் கட்டுங்கள். காப்பித் தோட்டத்து நிழல் மரங்கள், பலா, சில்வர் ஓக் என்று உங்களிடம் மரத்துக்குப் பஞ்சமில்லை. இவற்றில் சொரசொரப்பான பட்டை உள்ள மரமாகப் பாருங்கள், வழவழப்பான பட்டையில் வேர் பிடிக்க நாளாகும். தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது கிளைப் பிரிவில் வைத்து, நுனி மேல் நோக்கி, சணல் கயிற்றால் இறுக்காமல் கட்டி, கொஞ்சம் சருகு சொருகிவிடுங்கள். முதல் கூடு இலை வந்துவிட்டால் அப்புறம் அதற்கு நீங்கள் தேவையில்லை.

காட்டிலிருந்து எடுக்க உரிமை உள்ளவர்களும் ஒரு கொத்தில் பாதிக்கு மேல் எடுக்காமல், நுனிகளை மரத்திலேயோ பாறையிலேயோ விட்டு, நடுவில் உள்ள முதிர்ந்த பகுதியை மட்டும் கத்தியால் அறுத்து எடுக்கலாம். இலையின் அடியில் புள்ளிகள் முதிர்ந்து ஸ்போர் உதிரும் காலத்தில் அந்தக் கொத்தைத் தொடாமல் விடுங்கள். உங்கள் ஊர்க் கடைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஆளுக்குப் பத்து மரத்தில் கட்டினால், சில வருடங்களில் பாறைக்குப் போகாமலே கடை நடத்தலாம். கட்டிய பிறகு படம் அனுப்புங்கள், எந்த மரத்தில் பிடித்தது, எதில் பிடிக்கவில்லை என்று இதே பக்கத்தில் மற்றவர்களுக்கும் சொல்வோம்.